சீட் லேஅவுட் முழுக்க டிவ்: ரோல் சேர்த்தால் போதுமா, செக்பாக்ஸாகவே மாற்றணுமா?

முன்முகம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு தனியார் பஸ் டிக்கெட் தளத்தோட முன்பக்க வேலை இப்போ எங்க டீம் கைக்கு வந்திருக்கு. ஸ்லீப்பர் பஸ், ரெண்டு தளம், மொத்தம் 36 படுக்கை. முன்னாடி கட்டினவங்க ஒவ்வொரு சீட்டையும் ஒரு டிவ் (தனக்குன்னு அர்த்தம் இல்லாத வெறும் பெட்டி டேக்) ஆக்கி, உள்ளே எல்1, எல்2, யு1, யு2ன்னு எழுதி வச்சிருக்காங்க. காலியா இருந்தா வெள்ளை, புக் ஆனது சாம்பல், பெண்களுக்கு மட்டும்னா இளஞ்சிவப்பு, நாம தேர்ந்தெடுத்தது பச்சை. கிளிக் பண்ணா ஜாவாஸ்கிரிப்ட் ஒரு கிளாஸை மாத்துது, நிறம் மாறுது. மார்க்கப்ல வேற எதுவுமே கிடையாது.

அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடியுதான்னு பார்க்கிற) ஆடிட் ரிப்போர்ட்ல இந்தப் பக்கத்துக்கு மட்டும் நாலு குறை போட்டிருக்காங்க. கீபோர்டால சீட் எடுக்க முடியல, நிறத்தை மட்டுமே நம்பியிருக்கு, பொருள் தொடர்பு மார்க்கப்ல இல்ல, கண்ட்ரோலுக்குப் பேரும் ரோலும் நிலையும் இல்ல. டபிள்யூசிஏஜி (வலை அணுகல்தன்மைக்கான உலக வழிகாட்டி) எண்படி 2.1.1, 1.4.1, 1.3.1, 4.1.2. நாலுமே ஏ நிலை, அதாவது அடிப்படை.

டீம்ல ரெண்டு கட்சி. டிவ்வை அப்படியே விட்டு ரோல் (இது என்ன கண்ட்ரோல்னு சொல்றது), டேப்இண்டெக்ஸ் (டேப் கீ அதுல நிக்க வைக்கிறது), ஏரியா லேபிள் (திரையைப் படிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடருக்கான பேர்) சேர்த்தா போதும்னு ஒரு கட்சி. மார்க்கப்பைப் பிரிச்சு முறையான எலிமெண்ட்ல கட்டணும்னு இன்னொண்ணு. நான் ரெண்டாவது பக்கம்தான். ஆனா டீம் லீட் கிட்ட போய் "அதுதான் நல்ல பழக்கம்"னு சொன்னா எடுபடாது. காரணம் வேணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ரியாக்ட்வாசி

முதல் வழிதான் ப்ரோ. ஏரியான்னு (ஸ்கிரீன் ரீடருக்காக டேக்ல சேர்க்கிற அட்ரிபியூட்கள்) ஒண்ணு இருக்கிறதே இதுக்குத்தான். ரோல் செக்பாக்ஸ், ஏரியா செக்டு, டேப்இண்டெக்ஸ் பூஜ்யம், கீடவுன்ல ஸ்பேஸைப் பிடி. சீட் காம்பொனண்ட் ஒரே ஃபைல்ல இருக்கும், அங்க மாத்தினா 36 சீட்டும் மாறிடும். டிசைன் உடையாது, ரிலீஸ் தள்ளாது. மார்க்கப்பைப் பிரிச்சா சிஎஸ்எஸ் முழுக்கத் திரும்ப எழுதணும். ரிலீஸ் பக்கத்துல வச்சுக்கிட்டு அதைச் செய்யச் சொல்றது நியாயம் இல்ல.

செவிவழி

நான் பிறவியிலேயே பார்வையில்லாதவன். திருச்சியில் இருக்கிறேன், கம்ப்யூட்டரில் என்விடிஏ, போனில் டாக்பேக், இரண்டுமே திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர்கள். இந்த மாதிரி சீட் லேஅவுட்டில் எனக்கு என்ன கேட்கும் என்பதை முதலில் எழுதுகிறேன். வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பக்கம் திறந்ததும் கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே வருவேன். "எல்1 கிளிக்கபிள். எல்2. எல்3." காதில் விழுவது அவ்வளவுதான். எது காலி, எது போய்விட்டது, எது பெண்களுக்கானது, எது ஜன்னல் ஓரம், எதற்கு என்ன விலை, ஒன்றும் தெரியாது. ஏனென்றால் அவ்வளவும் நிறத்திலும் இடத்திலும்தான் இருக்கிறது, எழுத்தில் இல்லை. எல்3-இல் என்டர் தட்டுவேன். உள்ளே ஏதோ நடந்திருக்கலாம், ஆனால் ஸ்கிரீன் ரீடர் பேசாது. மறுபடி தட்டினால் எடுத்த சீட் விடுபட்டிருக்கும். இதற்கிடையில் மேலே ஒரு டைமர் ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் எனக்குத் தெரியாது. "உங்கள் நேரம் முடிந்தது" என்று பக்கம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்போதுதான் தெரியவரும். கடைசியில் யாரையாவது கூப்பிட்டு, கார்டு நம்பரையும் ஓடிபியையும் அவர் கையில் கொடுத்து டிக்கெட் போடச் சொல்ல வேண்டியிருக்கும். சொந்தக் காசில் சொந்த ஊருக்குப் போக இன்னொருவரை நம்ப வேண்டும். இதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு.

இனி ரியாக்ட்வாசி சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை எல்லாம் சரியாகச் செய்தால் எனக்கு வேலை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் நான் புழங்கும் தளங்களில் அது பாதியில்தான் நிற்கிறது. ரோல் போட்டிருப்பார்கள், ஸ்பேஸ் வேலை செய்யாது. ஸ்பேஸ் வேலை செய்யும், கூடவே பக்கமும் கீழே ஸ்க்ரோல் ஆகும். ஏரியா செக்டு மதிப்பு முதலில் பொய் என்றிருக்கும், கிளிக் பண்ணிய பிறகும் அப்படியே இருக்கும். அப்போது ஸ்கிரீன் ரீடர் என்னிடம் தவறான தகவலைச் சொல்கிறது. ரோலே இல்லாத டிவ்விடம் நான் கவனமாக இருப்பேன். "செக் பாக்ஸ்" என்று சொல்லிவிட்டால் அதை நம்பிப் பணம் கட்டுவேன்.

டேக்குடீச்சர்

செவிவழி சார் சொன்னதோட உள்பக்கத்தை விளக்குறேன். பாலிடெக்னிக்ல வெப் டிசைன் பாடம் எடுக்கிறேன், வருஷா வருஷம் பசங்களுக்குச் சொல்றதுதான்.

பிரவுசர் நம்ம எச்டிஎம்எல்லைப் படிச்சு டாம் மரத்தை, அதாவது டேக்குகளோட மர அமைப்பைக் கட்டுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுல இருந்து இன்னொரு மரமும் கட்டுது, அக்ஸஸிபிலிட்டி ட்ரீ. அதுல ஒவ்வொரு கணுவுக்கும் நாலு விஷயம் முக்கியம்: இது என்ன, இதுக்குப் பேர் என்ன, இப்போ என்ன நிலையில இருக்கு, மதிப்பு என்ன. ஸ்கிரீன் ரீடர் கேட்கிறது இந்த மரத்தைத்தான். உங்க சிஎஸ்எஸ் நிறம் அதுல ஏறாது. டிவ்வுக்குச் சொந்தமா எந்த அர்த்தமும் இல்லாததால அந்த மரத்துல வெறும் எழுத்தா நிக்கும். குரோம் டெவ்டூல்ஸ்ல எலிமெண்ட்ஸ் பக்கத்துலயே அக்ஸஸிபிலிட்டின்னு ஒரு பேனல் இருக்கு. முன்முகம் தம்பி, உங்க லீடை உட்கார வச்சு அதுல ஒரு சீட் டிவ்வையும் ஒரு நிஜ செக்பாக்ஸையும் பக்கத்துல பக்கத்துல காட்டுங்க. நீங்க பேசவே வேண்டாம்.

இப்போ ஒரு பட்டன் டேக் சும்மா என்னவெல்லாம் தருதுன்னு பாருங்க. டேப்ல ஃபோகஸ் வரும். என்டர் அழுத்தின உடனே வேலை செய்யும், ஸ்பேஸ்னா விரலை எடுக்கும்போது வேலை செய்யும். இந்த வித்தியாசத்தைக் கையால எழுதுறவங்களை நான் அதிகம் பார்த்ததில்ல. டிசேபிள்டு போட்டா கிளிக்கே போகாது. ஏரியா டிசேபிள்டு போட்டா "முடியாது"ன்னு வாய்ல சொல்லும், கிளிக் மட்டும் போகும், அதை நீங்கதான் தடுக்கணும். விண்டோஸ்ல கான்ட்ராஸ்ட் தீம் போட்டுப் பார்க்கிறவங்களுக்கு உங்க வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்புப் பின்னணி எல்லாம் அழிஞ்சு ஒரே நிறமாகிடும். நேட்டிவ் (எச்டிஎம்எல்லோட சொந்த) பட்டனும் செக்பாக்ஸும் அப்பவும் சிஸ்டம் நிறத்துல தன் நிலையைக் காட்டும். கை அசைக்க முடியாம குரலால கம்ப்யூட்டரை இயக்குறவங்க "கிளிக்"னு சொல்லி லேபிளைச் சொன்னா அதுவும் வேலை செய்யும். இவ்வளவையும் டிவ்வுல திரும்பக் கட்டி, டெஸ்ட் பண்ணி, அடுத்த ஆள் உடைக்காம காப்பாத்தணும். ரிலீஸ் தள்ளுமேன்னு கவலைப்படுறவங்க இந்த வேலையையும் கணக்குல சேர்த்துக்கங்க.

ஏரியாவை வகுத்த, வலைத் தரநிலைகளை உருவாக்குற டபிள்யூ3சி அமைப்பே சொல்ற முதல் விதி இதுதான்: எச்டிஎம்எல்ல அந்த வேலைக்கு எலிமெண்ட் இருந்தா அதையே எடு, வேற எதையோ எடுத்து ரோல் ஒட்டாதே. தப்பான ஏரியாவைவிட ஏரியா இல்லாததே மேல்னு அவங்களோட வழிகாட்டிலயே எழுதியிருக்கு.

ரியாக்ட்வாசி

டீச்சர், விதி எனக்குத் தெரியும். ஆனா ஒரு நடைமுறைச் சிக்கலுக்குப் பதில் சொல்லுங்க. 36 செக்பாக்ஸ் போட்டா, கண் தெரிஞ்ச ஆனா மவுஸ் பிடிக்க முடியாத ஒருத்தர் பணம் கட்டுற பட்டனுக்குப் போக 36 தடவை டேப் அடிக்கணும். கிரிட் ரோல் (அட்டவணை மாதிரியான கட்டம்) போட்டு, உள்ளே ஒரே ஒரு டேப் நிறுத்தம் வச்சு, அம்புக்குறியால நாலு பக்கமும் நகர விட்டா எவ்வளவு நல்லா இருக்கும்? பஸ்ஸோட வடிவமும் மனசுல பதியும். நேட்டிவ் எலிமெண்ட்ல அது வராதே.

செவிவழி

நல்ல கேள்வி, நேர்மையான கேள்வி. எனக்கு 36 ஒரு பிரச்சினையே இல்லை. பிரவுஸ் மோடில், அதாவது ஸ்கிரீன் ரீடர் பக்கத்தை வாசித்துப் போகும் நிலையில், எக்ஸ் அழுத்தினால் அடுத்த செக்பாக்ஸ், பி அழுத்தினால் அடுத்த பட்டன், ஹெச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, டி அழுத்தினால் அடுத்த லேண்ட்மார்க் (பக்கத்தின் முக்கியப் பகுதி). நான் டேப்பை நம்பி வாழ்வதில்லை. நீங்கள் சொல்லும் அந்த மவுஸ் பிடிக்க முடியாதவருக்குத்தான் சிரமம், அது உண்மை. புக் ஆன சீட்டுகளை டிசேபிள்டு ஆக்கினால் டேப் அவற்றில் நிற்காது, பாதிச் சுமை குறையும். எனக்கோ பிரவுஸ் மோடில் "அன்அவெய்லபிள்" என்று அவை தொடர்ந்து கேட்கும், அதுவும் எனக்குத் தேவை. பக்கத்தில் யார் ஏற்கனவே எடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். அதோடு ஒவ்வொரு தளத்தின் தொடக்கத்திலும் "சீட்டுகளைத் தாண்டிப் பயணி விவரத்துக்குப் போக" என்று ஒரு லிங்க் வையுங்கள்.

கிரிட் பற்றி. அதற்குள் நுழைந்ததும் ஸ்கிரீன் ரீடர் ஃபோகஸ் மோடுக்கு மாறிவிடும், அம்புக்குறிகள் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கைக்குப் போய்விடும். நீங்கள் நான்கு திசையையும், ஓரங்களையும், நடுவில் இருக்கும் நடைபாதையையும், புக் ஆன சீட்டையும் பிசிறில்லாமல் எழுதியிருந்தால் அருமையான அனுபவம். ஒன்று பிசகினாலும் நான் உள்ளே மாட்டிக்கொள்வேன். டாக்பேக்கில் அம்புக்குறியே கிடையாது, விரலால் ஸ்வைப்தான். பஸ் டிக்கெட்டை நான் பெரும்பாலும் போனில்தான் போடுகிறேன். ஸ்ப்ரெட்ஷீட் மாதிரி ஒன்றைக் கட்டும் டீமுக்கு கிரிட் நியாயம். ரிலீஸ் நெருக்கத்தில் இருக்கும் டீமுக்கு நான் செக்பாக்ஸைத்தான் சொல்வேன்.

முன்முகம்

ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். செக்பாக்ஸ்னா அந்தச் சின்னக் கட்டம் டிசைன்ல தெரியும், அதை மறைக்கணும். டிஸ்ப்ளே நன் போட்டுட்டு லேபிளை மட்டும் சீட் மாதிரி காட்டலாமா?

டேக்குடீச்சர்

வேண்டவே வேண்டாம். டிஸ்ப்ளே நன் போட்ட அடுத்த நிமிஷம் அது அக்ஸஸிபிலிட்டி ட்ரீல இருந்தே போயிடும், ஃபோகஸும் போயிடும். ஒரு பிக்சலாச் சுருக்கி மூலைல ஒளிச்சு வைக்கிற பழைய வித்தையும் இங்க சரிவராது. டாக்பேக்ல பலர் ஸ்கிரீன் மேல விரலைத் தடவி எங்க என்ன இருக்குன்னு தேடுவாங்க. செக்பாக்ஸ் மூலைல ஒரு பிக்சலா இருந்தா விரலுக்கு அகப்படாது. செக்பாக்ஸை சீட் அளவுக்கே பெருசாக்கி, சீட் மேலேயே படர விட்டு, ஒபாசிட்டி மட்டும் பூஜ்யம் ஆக்குங்க. விரல் வைக்கிற இடத்துல சீட் இருக்கும், ஜன்னல் பக்கம் எது, நடைபாதை எதுன்னு கையாலயே புரியும். ஃபோகஸ் வரும்போது லேபிளைச் சுத்தி தடிமனா ஒரு அவுட்லைன் கட்டாயம் வேணும்.

கட்டமைப்பு இப்படி வரட்டும். கீழ் தளத்துக்கு ஒரு ஃபீல்டுசெட் (சேர்ந்த கண்ட்ரோல்களை ஒரு குழுவாக்குற டேக்), அதுக்கு லெஜண்ட் (குழுவோட தலைப்பு) "கீழ் படுக்கை". மேல் தளத்துக்கு இன்னொண்ணு. உள்ளே ஒவ்வொரு சீட்டும் இன்புட் செக்பாக்ஸ், அதுக்குரிய லேபிள். லேபிள்ல எழுத்தாவே எல்லாம் இருக்கணும்: "எல்4, ஜன்னல் ஓரம், பெண்களுக்கு மட்டும், 850 ரூபாய்". கண்ணுக்கு எல்4 மட்டும் போதும்னா மிச்சத்தைப் பார்வைக்கு மட்டும் மறைக்கிற கிளாஸ்ல போடுங்க. ஆனா பெண்கள் சீட்டுக்கு ஒரு சின்னக் குறியாவது எல்லார் கண்ணுக்கும் தெரியணும். நிறக்குருடு உள்ள ஒரு ஆளுக்கு வெள்ளைக்கும் வெளிர் இளஞ்சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமப் போகலாம்.

போர்டிங் பாயிண்ட்ல ஒண்ணைத்தான் எடுக்க முடியும், அதனால அது ரேடியோ, தனி ஃபீல்டுசெட். கட்டண விவரம் பாப்அப்ல வருதுன்னா டயலாக் எலிமெண்டை ஷோமோடல் போட்டுத் திறங்க. பின்னாடி இருக்கிற பக்கம் தானே செயலிழக்கும், எஸ்கேப் தட்டினா மூடும்.

வடலி

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். சீட் விசயம் வடிவா விளங்குது, நான் மொழிப் பக்கம் ஒண்டு சொல்ல வேணும். இஞ்ச அரச இணையத்தளங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் எண்டு மூண்டிலயும் வாறது. நான் அப்பிடியான வேலையள் செய்யிறனான். டெம்பிளேட்டை ஆங்கிலத்தில எடுத்துத் தமிழாக்கேக்க, எச்டிஎம்எல் டேக்கில இருக்கிற லாங் அட்ரிபியூட்டை, அதாவது பக்கம் எந்த மொழி எண்டு சொல்லுற குறியை, ஆங்கிலமாவே விட்டிடுவினம். பாக்கிற ஆக்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

கேக்கிற ஆளுக்கு எல்லாமே மாறிப்போகும். ஸ்கிரீன் ரீடர் அந்த அட்ரிபியூட்டைப் பாத்துத்தான் குரலை மாத்துது. தமிழ்க் குரலைத் தன்ர வழமைக் குரலா வைச்சிருக்கிற ஒராள் வந்தாலும், பக்கம் "நான் ஆங்கிலம்" எண்டு சொன்னா ஆங்கிலக் குரலுக்கு மாறியிடும். கன ஆங்கிலக் குரலுகள் தமிழ் எழுத்தைக் கண்டா வாயே திறக்காது, இலக்கங்களை மட்டும் வாசிச்சுக்கொண்டு போகும். பிழையான லாங், லாங் இல்லாததை விட மோசம். இல்லாட்டி அவரிட தமிழ்க் குரலாவது அப்பிடியே தொடர்ந்து வாசிச்சிருக்கும்.

தமிழுக்குக் குறி டிஏ. சிலர் டிஎன் எண்டு போடுகினம், அது தமிழ்நாட்டுச் சுருக்கம் எண்டு நினைச்சு. மொழிக் குறியில டிஎன் எண்டா தென்னாபிரிக்காப் பக்கத்துச் சுவானா மொழி. பிறகு, மொழி மாத்திற லிங்கில "සිංහල" எண்டு சிங்களத்தில எழுதியிருந்தா அந்த லிங்குக்கு மட்டும் தனியா சிங்களத்துக்குரிய லாங் குடுக்க வேணும். முழுப் பக்கத்துக்கான விதி டபிள்யூசிஏஜி-யில 3.1.1, துண்டுகளுக்கான விதி 3.1.2. மொத்தத்தில ரெண்டு எழுத்து வேலை, செய்யாமல் விடக் காரணமே இல்லை.

செவிவழி

வடலி அண்ணன் சொன்னதற்கு நூறு சதவீதம் வழிமொழிகிறேன். என்விடிஏ இலவசம், திறந்த மூலம், 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அதோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் இருக்கிறது. ஆக, தமிழைக் கேட்டு வாசிக்கப் பணம் தேவையில்லை. பக்கம் தன்னைத் தமிழ் என்று சொன்னால் போதும்.

இன்னொரு வேண்டுகோள். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டி ஏற்றிய பக்கங்கள் இன்னும் வலையில் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழ், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எனக்கு அந்தக் குப்பைதான் கேட்கும். சுற்றறிக்கையை ஸ்கேன் பண்ணிப் படமாகப் போடுவது அதைவிடக் கொடுமை, அதில் கேட்க ஒன்றுமே இருக்காது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. செய்ய முடியாத காரியம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

சட்டப்படி

லீடுக்குக் காரணம் வேண்டும் என்றீர்கள். சட்டக் காரணமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 46-ஆம் பிரிவு சேவை தருபவர் அரசா தனியாரா என்று பிரிக்கவில்லை, இருவரையும் கட்டுப்படுத்துகிறது. ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை தகவல் தொழில்நுட்ப அணுகல்தன்மைக்கானது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, டிஜிட்டல் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) பற்றிய உத்தரவுகளைப் பிறப்பித்தது. டிக்கெட் தளம் இதற்கு வெளியே நிற்கிறது என்று நான் நம்பவில்லை.

ரியாக்ட்வாசி

சரி, சீட்டுக்கு செக்பாக்ஸை ஏத்துக்கிறேன். ஆனா ஏரியாவே கெட்டதுன்னு புதுசா வர்றவங்க புரிஞ்சுக்கக் கூடாது. டேப் பேனல், ஆட்டோ கம்ப்ளீட் மாதிரி விஷயத்துக்கு எச்டிஎம்எல்ல எலிமெண்டே இல்ல, இல்லேன்னா இருக்கிறது போதல. அங்க ஏரியா இல்லாம முடியாது.

டேக்குடீச்சர்

முழுசா ஒத்துக்கிறேன். வலை அணுகல்தன்மைக்காக இயங்குற வெப்எய்ம் அமைப்பு வருஷாவருஷம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஆராயுது. 2024-ல 95.9 சதவீதப் பக்கத்துல கருவியாலயே கண்டுபிடிக்கிற குறை இருந்தது. ஏரியா உள்ள பக்கங்கள்ல சராசரிக் குறை அதிகம். அதுக்கு ஏரியாதான் காரணம்னு நான் சொல்லமாட்டேன், சிக்கலான பக்கத்துலதான் ஏரியாவும் அதிகமா இருக்கும். ஆனா அடிக்கடி வர்ற குறைகளைப் பாருங்க: மங்கலான எழுத்து, ஆல்ட் (படத்துக்கான எழுத்து விளக்கம்) இல்லாத படம், லேபிள் இல்லாத ஃபார்ம், காலி லிங்க், காலி பட்டன், மொழி குறிப்பிடாத பக்கம். முதலாவதை விட்டா மிச்சம் எல்லாமே சாதாரண எச்டிஎம்எல். புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாத இடத்துலதான் நாம தோத்துக்கிட்டு இருக்கோம்.

தலைப்பையும் சொல்லிடுறேன். அதே வெப்எய்ம் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துறவங்ககிட்ட எடுத்த பத்தாவது கணக்கெடுப்புல, நீளமான பக்கத்துல தகவல் தேட முதல்ல தலைப்புகளைத்தான் தாவிப் பார்ப்போம்னு சொன்னவங்க 71.6 சதவீதம். எழுத்து பெருசா வேணும்னு ஹெச்2-ம், சின்னதா வேணும்னு ஹெச்5-ம் போடுறதை நிறுத்துங்க. அளவுக்கு சிஎஸ்எஸ் இருக்கு.

முன்முகம்

லீட் சம்மதிச்சுட்டார். அந்த டெவ்டூல்ஸ் பேனல்தான் வேலையை முடிச்சது. சீட் பகுதியைச் செக்பாக்ஸ், ஃபீல்டுசெட்ல மாத்தி டெஸ்ட் சர்வர்ல ஏத்தியாச்சு. பழைய கிளாஸ் பேர்களையே லேபிளுக்குக் கொடுத்ததால சிஎஸ்எஸ் நான் பயந்த அளவுக்கு மாறல. நிலை மாத்துற ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பகுதி தேவையில்லாமப் போயிடுச்சு, செக்டுன்னு சிஎஸ்எஸ்லயே பிடிச்சுக்கலாம். லாங் டிஏ போட்டாச்சு. செவிவழி சார், தனிச்செய்தியில லிங்க் அனுப்பியிருக்கேன், நேரம் இருந்தா பாருங்க.

செவிவழி

பார்த்தேன். "கீழ் படுக்கை குரூப்பிங், எல்4, ஜன்னல் ஓரம், 850 ரூபாய், செக் பாக்ஸ், நாட் செக்டு." ஸ்பேஸ் தட்டினேன், "செக்டு". யாரையும் கூப்பிடாமல் பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போனேன். மனசு நிறைந்தது தம்பி.

மூன்று இடம் பாக்கி. ஒன்று, சீட் எடுத்ததும் கீழே மொத்தத் தொகை மாறுகிறது, எனக்குக் கேட்கவில்லை. அதை ஸ்பேனில் போட்டிருக்கிறீர்கள். அவுட்புட் எலிமெண்டில் போடுங்கள், அதற்கு இயல்பாகவே ஸ்டேட்டஸ் ரோல் உண்டு. மாறினால் ஸ்கிரீன் ரீடர் தானே சொல்லும். ஆனால் அந்த எலிமெண்ட் முதலிலிருந்தே பக்கத்தில் இருக்க வேண்டும், சீட் எடுத்த பிறகு புதிதாகச் செருகக் கூடாது.

இரண்டு, டைமர். நொடிக்கு ஒரு முறை சொன்னால் வேறு எதுவும் கேட்காது. இரண்டு நிமிடம் மீதி இருக்கும்போது ஒரு தடவை சொல்லி, நேரத்தை நீட்டிக்க ஒரு பட்டனும் கொடுத்தால் போதும்.

மூன்று, ஓடிபிக்கு ஆறு தனித்தனிக் கட்டம், ஒன்றுக்கும் லேபிள் இல்லை. ஒரே இன்புட் ஆக்கிவிடுங்கள்.

முன்முகம்

முதல் ரெண்டும் இன்னிக்கே மாத்துறேன் சார். ஓடிபி வேற டீமோட காம்பொனண்ட். ஒரே இன்புட், அதுக்கு லேபிள், ஆட்டோகம்ப்ளீட்ல ஒன்-டைம்-கோடு, இன்புட்மோடு நியூமரிக்னு எழுதி அவங்களுக்கு டிக்கெட் (வேலைக் கோரிக்கை) போட்டிருக்கேன். ஆறு கட்டமாத்தான் தெரியணும்னு டிசைனர் கேட்டா, லெட்டர் ஸ்பேசிங்கும் பின்னணிக் கோடும் போட்டு ஒரே இன்புட்டையே அப்படிக் காட்டலாம்னும் சேர்த்திருக்கேன். டாக்பேக் வச்சிருக்கிற வேற யாராவது மேல் படுக்கைப் பகுதியை மட்டும் விரலால தடவிப் பார்த்துச் சொல்ல முடியுமா? என் போன்ல யு7-ம் யு8-ம் ரொம்ப நெருக்கமா வருது.